வீடியோ வந்தாச்சு, வாத்தியார் எதற்கு?

ஜூன் மாதம் வந்தாலே எங்கள் காலை நடைக் கூட்டத்தில் கல்லூரி அட்மிஷன் பேச்சுதான். கூட்டத்தில் ஒருவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டார்: "ஏன் சார், எல்லாப் பாடமும் யூடியூப்ல இருக்கு. ஐ.ஐ.டி. புரொபசரே நடத்துறாரு. அப்புறம் எதுக்கு லட்ச லட்சமா ஃபீஸ் கட்டி ஒரு காலேஜு, அதுல ஒரு வாத்தியாரு?"

பொறியியல் கல்லூரி ஒன்றில் 35 வருஷம் 'சர்க்யூட் தியரி' நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். இதே கேள்வியை இப்போது கல்லூரி நிர்வாகங்களும் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கம்ப்யூட்டர் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு" என்று புலம்புகிற பெரிசுகள் கூட்டத்தில் நான் இல்லை. இந்த வசதிகள் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புத்தகத்துக்கு வரிசை

நான் வேலைக்குச் சேர்ந்தது 1983-ல். எங்கள் பாடத்துக்கு வான் வால்கன்பர்க் எழுதிய 'நெட்வொர்க் அனாலிசிஸ்' முக்கியமான புத்தகம். நூலகத்தில் இருந்த பிரதிகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். ஒன்று 'ரெஃபரன்ஸ்' பிரிவில், வெளியே போகாது. மற்றவற்றை யாராவது எடுத்துப் போனால் பரீட்சை முடிந்துதான் திரும்பி வரும். மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கணக்குகளைக் கையால் எழுதி எடுப்பார்கள். வசதி உள்ள பையன் மதுரைக்கோ சென்னைக்கோ போய் வாங்கி வருவான். மற்றவர்களுக்கு, நாங்கள் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைலில் உருட்டிக் கொடுத்த தாள்கள்தான்.

வகுப்பில் நான் ஒருமுறை சொன்னது சொன்னதுதான். அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தவன் அடுத்தவன் நோட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அந்த அடுத்தவன் தப்பாக எழுதியிருந்தால் இவனுக்கும் அதே தப்பு.

1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் 'கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. இன்சாட் செயற்கைக்கோள் வழியாக நாடு முழுக்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம். அப்போதும் "இனி வாத்தியார் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். விடுதியில் இருந்த ஒரே டி.வி.யில் பையன்கள் பார்ப்பார்கள். நிகழ்ச்சிகள் பல நன்றாகவே இருந்தன. ஆனால் ஆங்கிலம் வேகமாக ஓடும், நிறுத்திக் கேட்க முடியாது, சந்தேகம் வந்தால் டி.வி. பெட்டியைத்தான் முறைக்க வேண்டும். கொஞ்ச நாளில் கிரிக்கெட் உள்ள நாட்களில் மட்டும் அந்த அறையில் கூட்டம் இருந்தது. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அப்போதும் அதே எதிர்பார்ப்பு.

என்.பி.டி.இ.எல். என்ற வரம்

உண்மையில் நிலைமையை மாற்றியது 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசு பணத்தில், தங்கள் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களைப் பதிவு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. அமெரிக்காவில் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் தரப்போவதாக 2001-ல் அறிவித்து இரண்டே வருஷத்தில் நம் ஊரில் இது நடந்தது. நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். ஐ.ஐ.டி. மதில் சுவருக்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மட்டும் கிடைத்தது, தேனியிலும் திருவாரூரிலும் கிடைக்க ஆரம்பித்தது.

எங்கள் கல்லூரியில் அப்போது இணைய வேகம் மாட்டு வண்டி வேகம். அதனால் வீடியோக்களை ஹார்ட் டிஸ்கில் வாங்கி வந்து கல்லூரி சர்வரில் ஏற்றி, நூலகத்துக் கணினிகளில் பார்க்க வைத்தோம். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்து வந்த ஒரு பையன் தினமும் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "என்னப்பா, புரியுதா?" என்று கேட்டேன். "முதல் தடவை இங்கிலீஷ் புரியும் சார், ரெண்டாம் தடவை பாடம் புரியும்" என்றான். 35 வருஷத்தில் நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் இது ஒன்று. என் வகுப்பில் அவனுக்கு இரண்டாம் தடவை கிடையாதே!

இன்னொரு நன்மையும் உண்டு. மஞ்சள் பிடித்த பழைய நோட்டை வைத்துக்கொண்டு 20 வருஷமாக ஒரே பாடத்தை டிக்டேட் செய்த ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வகுப்புக்கு வீடியோ எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு 2014-ல் என்.பி.டி.இ.எல். சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கியது. 2017-ல் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. பாடம் இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். தேர்வையும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இந்தப் படிப்புகளின் மதிப்பெண்ணைக் கல்லூரிகள் தங்கள் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மானியக் குழு 2016-ல் விதி கொண்டுவந்தது. அப்போது 20 சதவீதம் வரை என்றிருந்தது, 2021-ல் 40 சதவீதம் வரை என்று உயர்ந்தது.

விதி என்னவோ நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் 40 சதவீதம் என்ற எண்ணை மாணவன் ஒரு கண்ணோடும் நிர்வாகம் வேறு கண்ணோடும் பார்க்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே பல்கலைக்கழகம், இரண்டு பரிசோதனைகள்

"வீடியோவால் மட்டும் பாடம் நடக்குமா?" என்று என்னைப் போல வாத்தியார் வேலை பார்த்தவன் கருத்துச் சொன்னால், சொந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள். அதனால் வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

2012-ல் எம்.ஐ.டி. உலகத்துக்கே திறந்துவிட்ட முதல் இணையப் படிப்பு என்ன தெரியுமா? என் பாடம்தான்: 'சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்'. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் சுமார் 7,000 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பது சரிதான். ஆனாலும் எட்டிப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை இந்த எண் சொல்கிறது.

அந்தப் படிப்பில் முழு மதிப்பெண் வாங்கிய சில நூறு பேரில் ஒருவன் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளி மாணவன். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. "பாருங்கள், இணையம் இருந்தால் போதும்" என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால் அந்தப் பள்ளியின் முதல்வரே எம்.ஐ.டி.யில் படித்தவர். அமெரிக்காவிலிருந்து ஒரு இளம் பொறியாளர் சோதனைக் கருவிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய், பையன்களோடு உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். பையன் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. அவன் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தார் என்பதைத்தான் பலர் சொல்ல மறந்துவிட்டார்கள்.

இதைவிடத் தெளிவான சாட்சி கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கே 2012-ல் இதே எம்.ஐ.டி. சர்க்யூட் பாடத்தை ஒரு வகுப்புக்குப் பயன்படுத்தினார்கள். எப்படி? வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடுவது, சந்தேகம் கேட்பது, குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது. ஆசிரியர் மேசை மேசையாகச் சுற்றி வருவார். வழக்கமான வகுப்பில் 60 சதவீதத்தை எட்டாத தேர்ச்சி, இந்த வகுப்பில் 90-ஐத் தாண்டியது.

அடுத்த 2013-ல் அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து கணிதம், புள்ளியியல் பாடங்களை முழுக்க முழுக்க இணையத்திலேயே நடத்திப் பார்த்தது. தேர்ச்சி, நேரடி வகுப்பைவிட மிகவும் குறைந்துபோனது. திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோடையில் மறுபடி நடத்தியபோது தேர்ச்சி ஏறியது. ஆனால் அந்தத் தடவை சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். தானாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு வீடியோ போதும், படிக்கவே கற்றுக்கொள்ள வேண்டியவனுக்கு அது போதாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பாடங்கள் வேறு, மாணவர்கள் வேறு என்று வாதிடலாம். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் வீடியோவோடு ஆசிரியரையும் வைத்துக்கொண்ட இடத்தில் ஏற்றம், ஆசிரியரை விலக்கிய இடத்தில் இறக்கம் என்பது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது.

மைனஸ் வந்தால் என்ன செய்வது?

வகுப்பில் ஆசிரியர் செய்வது என்ன? பேசுவது அதில் பாதிதான். மீதிப் பாதியை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஒரு மின்சுற்றில் மின்னோட்டம் கண்டுபிடிக்க வேண்டும். திசை தெரியாது. அதனால் நாமாக ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டு கிர்ச்சாஃப் விதியை எழுதுவோம். விடை மைனஸ் 2 ஆம்பியர் என்று வந்தால், ஓட்டம் நாம் போட்ட அம்புக்கு எதிர்த்திசையில் போகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். இதை எந்த வீடியோவும் சொல்லும், நானும் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு கணக்குப் போடச் சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால், மைனஸ் வந்ததும் விடையை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள் பாதிப் பேர்! "ஏம்ப்பா அடிச்சே?" என்றால், "தப்பா வந்துருச்சு சார்" என்பார்கள். சிலர் சத்தமில்லாமல் மைனஸை மட்டும் அழித்துவிடுவார்கள்.

அந்தப் பையன் வீடியோவைப் பார்த்திருந்தால் "புரிந்தது" என்றே சொல்லியிருப்பான். தனக்குப் புரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாததை கூகுளில் தேடலாம், இப்போது சாட்ஜிபிடியிடமும் கேட்கலாம். தெரியாது என்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்? அவன் நோட்டை எட்டிப் பார்த்து "ஏன் அடித்தாய்?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

ஆய்வகமும் அப்படித்தான். மத்திய அரசின் 'விர்ச்சுவல் லேப்ஸ்' நல்ல திட்டம். சோதனைக்கு முந்தின நாள் அதில் செய்து பார்த்துவிட்டு வந்தால் எவ்வளவோ உதவும். ஆனால் திரையில் அம்மீட்டரைத் தப்பாக, இணையாக மாட்டினால் ஒரு எச்சரிக்கை வரும், அழித்துவிட்டு மறுபடி மாட்டலாம். நிஜ மேசையில் மாட்டினால் 'டப்' என்று ஃபியூஸ் போகும், வாசனை வரும், பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு மாட்டியவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். நாளைக்கு மின்வாரியத்தில் வேலை பார்க்கப் போகிற பிள்ளைக்கு அந்த 'டப்' தேவை.

நடப்பது என்ன?

இப்போது கல்லூரிகளில் பணியில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சொல்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை பேர் இணையப் படிப்பில் பதிய வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். அங்கீகாரக் குழு வரும்போது காட்ட எண்ணிக்கை வேண்டும் அல்லவா? பையன் எதில் சேர்ந்தோம் என்றுகூடத் தெரியாமல் சேர்கிறான். வாராவாரம் அசைன்மென்ட் வந்ததும் விடைகள் டெலிகிராம் குழுவில் வந்துவிடுகின்றன. ஏ, சி, பி, டி என்று பார்த்து 'க்ளிக்' செய்தால் வேலை முடிந்தது. வீடியோவைத் திறக்கக்கூட வேண்டாம். என்.பி.டி.இ.எல். தேர்வை நேரில் எழுதச் சொல்வதால் ஓரளவு வடிகட்டப்படுகிறது. அந்தத் தேர்வு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட மோசமானது இன்னொன்று. என்னிடம் படித்த ஒரு பெண், எம்.இ. முடித்து ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து வந்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். போன வருஷம் அவரைக் கூப்பிட்டு, "அடுத்த செமஸ்டர்ல ரெண்டு எலெக்டிவும் ஆன்லைன்ல போயிடுதும்மா, உங்களுக்கு ஒர்க்லோடு இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாடங்களுக்கு டைம்டேபிளில் ஒரு அறை இருக்கிறதாம், அறையில் புரொஜெக்டரும் இருக்கிறதாம். பொறுப்பாசிரியர் என்று அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஒருவர் மட்டும் வருவாராம், அவருக்கு அந்தப் பாடமே தெரியாதாம். மாணவர்களின் கட்டணத்தில் ஒரு ரூபாயாவது குறைந்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க சார்" என்று சிரித்தார். வேலை போன பெண் சிரிக்கிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐ.ஐ.டி. பேராசிரியர் இலவசமாகக் கொடுத்ததை வைத்து ஒரு கிராமத்துப் பிள்ளையின் ஆசிரியரைப் பறிப்பது, அன்னதானச் சோற்றை வாங்கி ஓட்டலில் விற்பது போல. கொடுத்தவர்கள் இதற்காகக் கொடுக்கவில்லை.

முறையாகச் செய்தால்?

முறையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. எழுதாதவரும், வேலைக்குப் போகிறவரும், கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பெண்ணும் தகுதிக்கட்டத்தைத் தாண்டினால் சேரலாம். பாடம் இணையத்தில்தான். ஆனால் சந்தேகம் கேட்க நேரலை வகுப்புகள் உண்டு, முக்கியத் தேர்வுகளை மையத்தில் போய் எழுத வேண்டும். பாதியில் நின்றாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். கல்லூரி வாசலுக்கே வர முடியாதவர்களுக்கு இது பெரிய கதவு. அதை யாராவது குறை சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அங்கே வீடியோவுக்குப் பின்னால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சாதாரணக் கல்லூரிகள் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

இணையத்தில் நடக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது, அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். அவர் பாடம் நடத்த வேண்டாம். கணக்குக் கொடுத்து, சுற்றி வந்து, நோட்டைப் பார்த்தால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தை அவருடைய பணிச்சுமையில் முழுதாகக் கணக்கிட வேண்டும்.

அசைன்மென்ட்டுக்குப் பதில் வைவா வைக்கலாம். ஒரு மாணவனுக்கு ஐந்து நிமிஷம், இரண்டே கேள்வி. டெலிகிராமிலிருந்து எடுத்தானா, சாட்ஜிபிடி எழுதியதா, தானே போட்டானா என்று அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்தவன் திணறினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சந்தேகம் கேட்கிற நேரம் தமிழில் இருக்கட்டும். என்.பி.டி.இ.எல். பாடங்களின் உரை இப்போது தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் இருந்தாலும், "எனக்குப் புரியல சார்" என்று சொல்லத் தாய்மொழிதான் வசதி.

நூலகத்துக் கணினி அறையை மாலை 4 மணிக்குப் பூட்டாமல் இரவு 8 மணி வரை திறந்து வையுங்கள். கொரோனா காலத்தில் சிக்னலுக்காக மொட்டை மாடியிலும் வயல் வரப்பிலும் உட்கார்ந்து படித்த பிள்ளைகளைப் பார்த்தோம். வீட்டில் மூன்று பேருக்கு ஒரு ஃபோன் என்ற நிலை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அட்மிஷனுக்குப் போகும்போது கட்டடத்தையும் ஏ.சி. வகுப்பறையையும் காட்டுவார்கள், 'ஸ்மார்ட் போர்டு' காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பாடங்கள் இணையத்தில் நடக்கின்றன? அந்தப் பாடங்களுக்கு வகுப்பில் வந்து உட்காரும் ஆசிரியர் யார், அவர் என்ன படித்தவர்? என் பிள்ளைக்கு ஒரு கணக்கு வராவிட்டால் யாரிடம், எத்தனை மணிக்குப் போய்க் கேட்கலாம்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு அறை எண்ணும் பதிலாக வந்தால், அந்தக் கல்லூரியை நம்பலாம். "எல்லாம் ஆப்ல இருக்கு சார்" என்று பதில் வந்தால், அந்த ஆப்பை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டாம். வங்கி நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். பேரனைக் கூட்டிக்கொண்டு இந்த வாரம் இரண்டு கல்லூரிகளுக்குப் போகிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இணையப் படிப்புகளில் சேர்ந்திருந்தால், அனுபவம் எப்படி என்று எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.